ஜிகினாத்தாளில் இரண்டு வரி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

பெரியப்பா. திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களை வயலில் விட்டுவிட்டு பஸ் ஏறி விழுப்புரம் வந்திருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்து இருந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர்.

அப்பா. கட்டில் ஓரத்தில். கையில் போன். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா. சமையல்கட்டு வாசலில். அடுப்பில் பால் இருந்தது. அதனால் பாதி உள்ளே, பாதி வெளியே.

அத்தை. அப்பாவின் தங்கை. தரையில், சுவரில் சாய்ந்து. முழங்காலைக் கட்டிக்கொண்டு.

ஜெராக்ஸ் கடைக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருக்கதவுக்கு உள்ளே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான். பதினோரு வயது. பீரோவை ஒட்டி நின்றேன். வழக்கமாகப் பெரியவர்கள் பேசும்போது என்னை வெளியே போகச் சொல்வார்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாது. கண்டுபிடித்ததே நான்தான்.

நடுவில் ஒரு ஸ்டூல். அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிகினாத்தாள். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஊறுகாய் பாட்டிலை வைத்திருந்தாள் அம்மா.

அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அத்தைக்கு நிச்சயம்.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வெளியில் சொல்லும்போது அம்மா இரண்டைக் குறைத்துச் சொல்வாள். அத்தை வீட்டிலிருந்தபடி வாழ்த்து அட்டை செய்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முதலில் வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால் எழுதுவாள். ஓரத்தில் ஒரு கொடி, இரண்டு பூ. அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கெட்டி அட்டையில் ஜெராக்ஸ் போட்டு வாங்கி வருவாள். அட்டையின்மேல் ஃபாயிலை வைப்பாள். மெட்ராஸிலிருந்து சுருள் சுருளாக வரும் தங்கநிறத் தாள் அது. அம்மா அதை ஜிகினாத்தாள் என்பாள். அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டித் துணி. துணிமேல் அயன் பாக்ஸ். தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். உதடு அசையாமல் முப்பது எண்ணுவாள். ஆறவிட்டு ஒரு மூலையிலிருந்து உரிப்பாள். கறுப்பாக இருந்த எழுத்தெல்லாம் தங்கமாகியிருக்கும். சூட்டில் ஜெராக்ஸ் மை இளகித் தங்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. பேனா மை பிடிக்காது.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு துண்டுத் தாள். உரித்த துண்டில் எழுத்து இருந்த இடம் மட்டும் தங்கம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை வைத்து மறுபடி அந்த எழுத்தைப் போட முடியாது. அத்தை குப்பையில் போடுவாள். நான் எடுத்துக்கொள்வேன். ஜன்னல் வெயிலில் பிடித்தால் சுவரில் எழுத்து வெளிச்சமாக விழும். ‘பொங்கல் வாழ்த்துகள்.’ ‘இனிய பிறந்தநாள்.’ ‘ஹேப்பி நியூ இயர்.’ சினிமா காட்டுவது போல என் ஸ்நேகிதிகளுக்குக் காட்டுவேன்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். அட்டைகளை அத்தை அங்கே கொடுத்தாள். கான்வென்ட் பிள்ளைகள் வாங்குவார்கள் என்று சொன்னாள்.

அம்மா நம்பவில்லை.

“வாட்ஸப்ல ஓசியில ரோஜாப்பூ அனுப்பறாங்க. எவன் இந்தக் காலத்துல அட்டை வாங்கறான்?” என்று அப்பாவிடம் கேட்டாள். “அப்படியே வாங்கினாலும், ஒரு ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு எதுக்குத் தலை சீவிக்கினு போவணும்?”

“சீவாமப் போனா, ஏன் சீவலன்னு கேப்ப” என்றார் அப்பா.

“நீங்க இப்படியே சொல்லிக்கினு இருங்க. ஒரு நாள் தெரியும்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை வந்தது. அத்தை கடைக்குக் கிளம்பினால் நானும் கூடப் போக வேண்டும். போய் வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஒழுங்காக வராது. இந்த வேலை வந்தது.

கடை எங்கள் தெரு முனையில். ஒரு மிஷின், ஒரு மேசை, லேமினேஷன் போடுகிற பெட்டி ஒன்று. கடைக்காரருக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும். அரைக்கைச் சட்டை. விரல் நுனியெல்லாம் கறுப்பு. அத்தை தாளை நீட்டுவாள். அவர் வாங்குவார்.

“எத்தனை?”

“பத்து.”

அவ்வளவுதான். மிஷின் ஓடும். அடியில் பச்சை வெளிச்சம் போய்த் திரும்பும். வந்த அட்டைகளை மேசையில் தட்டித் தட்டி விளிம்பைச் சரிசெய்வார். வெயிலில் வளையாமல் இருக்க மேலும் கீழும் வேஸ்ட் பேப்பர் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டுவார். தலை குனிந்தபடியே இருக்கும்.

முதல் நாள் அம்மாவிடம் சொன்னேன். “ஒண்ணும் பேசலம்மா. எத்தனைன்னு கேட்டாரு. பத்துன்னாங்க.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“சிரிச்சானா?”

“இல்ல.”

“இவ சிரிச்சாளா?”

“இல்ல.”

அம்மா கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். “ரெண்டு வருஷமா ஒருத்தி கடைக்கு வரா. மழை வருது, வெயிலடிக்குதுன்னுகூட ஒரு வார்த்தை பேச மாட்டானா? அதான்டி சந்தேகம். பேசறவனா இருந்தா நான் ஏன் பயப்படறேன்.”

எனக்கு அது சரியாகப் பட்டது. அதிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்தேன். ஒரு நாள் சிவப்பு ரப்பர் பேண்ட். மறுநாள் பச்சை. இதற்கு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும் என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பென்ஷன் பேப்பருக்கு மஞ்சள் ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாத்தாவையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன்.

மாப்பிள்ளை வீடு திண்டிவனம். சிமெண்ட் கடை. சொந்தக் கட்டடம். தை பிறந்ததும் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அக்கா, அக்காவோடு இரண்டு பெண்கள். அத்தை காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அக்கா அலமாரியில் இருந்த அட்டைகளை எடுத்துப் புரட்டினாள்.

“இதெல்லாம் பொழுதுபோக்குக்குத்தான? அங்க வந்தா இதுக்கு ஏது நேரம். கடையில வேலை சரியா இருக்கும்.”

“ஆமாம்மா, சும்மா பொழுதுபோக்கு” என்றாள் அம்மா.

அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. பிடித்துப்போயிற்று என்று அவர்கள் போனில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவானது. இது ஒன்பதாவது வரன். அப்பா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குப்பைக் கூடையைக் கிளறினேன். அடியில் ஒரு ஜிகினாத்தாள் கிடந்தது. நான்காக மடித்திருந்தது. அத்தை எப்போதும் மடிக்க மாட்டாள். கசக்கித்தான் போடுவாள். பிரித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். சுவரில் விழுந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

‘பார்த்தது போதும்.
கேட்டால் மறுக்க மாட்டேன்.’

கொடி இல்லை. பூ இல்லை. வாழ்த்துகள் என்றும் இல்லை. எனக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு இப்படி எழுத மாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். “இன்னாடி இது, தெலுங்கா?”

“திருப்பிப் பிடிம்மா.”

திருப்பினாள். படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா பெரியப்பாவுக்குப் போட்டார்.

புதன்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் கூடியது அப்படித்தான். ஜெராக்ஸ் கடைக்காரரை அப்பாவே போய்க் கூட்டி வந்தார். ஒரு சின்ன விஷயம் கேக்கணும், ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போங்க என்று சொன்னாராம். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார்.

பெரியப்பா ஊறுகாய் பாட்டிலை நகர்த்தித் தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தார். வாசல்வரை கேட்டது. அம்மா எட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

“பார்த்தது போதுமாம். எவன் பார்த்தான்? கேட்டா மறுக்க மாட்டாளாம். எவன் இன்னா கேக்கணும்? சொல்லும்மா.”

“அது கார்டுண்ணா” என்றாள் அத்தை. “பிப்ரவரி வருதில்ல, காதலர் தினம். திண்டிவனம் கடையில அந்த மாதிரி கேட்டாங்க.”

“யாருக்கு எழுதின?”

“யாருக்கும் இல்ல. வாங்கறவங்க யாருக்குனா குடுப்பாங்க.”

“வாங்கறவன் குடுக்கறதுக்கு நீ எதுக்கு உருகற?”

அத்தை முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா கதவுப்பக்கம் திரும்பினார். “சரி, இவரை எதுக்குக் கூட்டியாந்தீங்க? இவ பேனாவுல எழுதி, ஜிகினா ஒட்டிக் குடுத்திருப்பா. இதுல ஜெராக்ஸ்காரருக்கு இன்னா சம்பந்தம்?”

“பேனா எழுத்துல ஒட்டாதுங்க மாமா” என்றாள் அம்மா. “ஜெராக்ஸ் போட்டாத்தான் ஒட்டும்.”

“யாரு சொன்னா?”

“அவதான் சொன்னா.”

“இன்னிக்கு அவ சொல்றதை நம்பறதா இருந்தா நான் ஏன் கரும்பை விட்டுட்டு வந்து குந்திக்கினு இருக்கேன்? எடு அயன் பாக்ஸை.”

அயன் பாக்ஸ் வந்தது. பெரியப்பா ஒரு தாளில் பேனாவால் தன் பெயரை எழுதினார். இனிஷியலும் போட்டார். ஃபாயிலை வைத்தார், துணியைப் போட்டார், அழுத்தினார். கரும்பாலையில் எடை போடுகிறவர் மாதிரி உடம்பு முழுக்கச் சாய்த்து அழுத்தினார். உரித்தபோது தங்கம் அப்படியே ஜிகினாத்தாளோடு வந்தது. பெயர் நீலமாகவே இருந்தது.

“இப்ப ஜெராக்ஸ் ஒண்ணு குடு.”

வீட்டில் தேடினார்கள். கையில் அகப்பட்டது மாப்பிள்ளையின் ஜாதக ஜெராக்ஸ். வேண்டாம் மாமா என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா அதன்மேல் ஃபாயிலைப் போட்டுப் பெட்டியை வைத்துவிட்டார். முப்பது எண்ணச் சொன்னாள் அத்தை. அவரும் வாய்விட்டு எண்ணினார். உரித்தார். ஏழாம் வீடும் அதில் உட்கார்ந்திருந்த ராகுவும் தங்கமாக மின்னினார்கள்.

“ஐயோ, ஜாதகத்துல போயி!” என்றாள் அம்மா.

“தங்கந்தான, இருக்கட்டும் விடு” என்றார் பெரியப்பா. ஆனால் முகம் மாறிவிட்டது. அந்த இரண்டு வரியும் மிஷின் வழியாகத்தான் வந்திருக்கிறது. இப்போது எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

“ஏம்பா, இந்த எழுத்து உன்கிட்ட வந்ததா?”

“வந்ததுங்க ஐயா.”

“படிச்சியா?”

“நான் படிக்கறது இல்லீங்க. ஆதார் கார்டு வரும், பத்திரம் வரும், கல்யாணப் பத்திரிகை வரும். எதையும் படிக்கக் கூடாதுங்க. தொழில் அது.”

“சரி. இதை எத்தனை காப்பி போட்ட?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனைத் துடைப்பதை நிறுத்தினார்.

“அம்பதுங்க ஐயா.”

“எத்தனை?”

“அம்பது.”

அம்மா வாசலிலிருந்து முழுசாக வெளியே வந்தாள். “அம்பது பேருக்கு எவளாவது எழுதுவாளா மாமா? அப்ப கார்டுதான்.” அவள் குரலில் சந்தோஷமும் இருந்தது, ஏதோ கைவிட்டுப் போன மாதிரியும் இருந்தது.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீதான கூடப் போவ? நெஜத்தைச் சொல்லு. இவரு அத்தையைப் பார்ப்பாரா?”

“நிமிரவே மாட்டாரு பெரியப்பா.”

“பேசுவாரா?”

“எத்தனைன்னு மட்டும் கேப்பாரு.”

“அம்பது போட்டப்ப நீ இருந்தியா?”

“ஸ்கூலுக்குப் போயிருப்பேன்.”

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒருவரைப் பார்ப்பதற்கு நிமிர வேண்டும் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.

கடைக்காரரைக் காபி குடிக்கச் சொன்னார்கள். ஷட்டர் பாதி திறந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பெரியப்பா ஆலைக்குக் கரும்பு போடுகிற ஆள். ஆலையில் போட்ட எடையை வெளியில் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார்.

“அவன் அம்பதுன்னு சொல்லிட்டான். அந்த அம்பதும் எங்க?”

“கடைக்குக் குடுத்துட்டேன்” என்றாள் அத்தை.

“அப்ப அங்கியும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம். நாளைக்குக் காலையில ஜல்தியா போய்ட்டு ஜல்தியா வந்துடலாம். மனசுல ஒரு பொட்டு சந்தேகம் வச்சிக்கினு பொண்ணைக் குடுக்கக் கூடாது.”

அத்தை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தாள். “போவாதீங்கண்ணா.”

“பார்த்தியா? ஏன் போவக் கூடாது?”

அவள் மறுபடி முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டாள். அதனாலேயே போவது உறுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை பெரியப்பா, அப்பா, நான். தாளைப் பெரியப்பா சட்டைப் பையில் வைத்திருந்தார். எழுத்தை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூடம் போகாததில் எனக்கு வருத்தமில்லை.

ஃபேன்சி ஸ்டோர் சின்னக் கடை. வளையல், கிளிப், பொட்டு, பரீட்சை அட்டை. வாசலில் கம்பியில் வாழ்த்து அட்டைகள் தொங்கின. எட்டு பத்து இருக்கும். எல்லாம் பிறந்தநாள். கடைக்கார அக்கா கண்ணாடி போட்டிருந்தாள். பெரியப்பா தாளை நீட்டினார்.

“ஏம்மா, இந்த எழுத்து உங்க கடைக்கு வந்ததா?”

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். தாளை இறக்கிவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

“நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்?”

“அண்ணங்க. ரெண்டு பேரும்.”

“ஓ” என்றாள். தாளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். “இதுவா? போச்சுங்களே.”

“போச்சுன்னா?”

“வித்துப்போச்சு. பசங்க அள்ளிக்கினு போய்ட்டாங்க.”

“அம்பதுமா?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “அம்பதும்தான். இன்னும் வேணும்னு சொல்லிவிட்டிருக்கேன்.”

பெரியப்பா பெருமூச்சு விட்டார். அவருடைய மூச்சே நாலு கடைக்குக் கேட்கும். பேச்சு அதற்கு மேல்.

“இப்பதாம்மா உயிரே வந்துச்சு. நாளைக்கு அவளுக்கு நிச்சயம். இந்தத் தாளைப் பார்த்துட்டு, எவனுக்கோ எழுதிட்டாளோன்னு வீடே பேஜாரு. ராத்திரி பூரா நான் தூங்கல. இந்தா, இதே தெருவு சிமெண்ட் கடைதான் மாப்பிள்ளை. அவங்க காதுல விழுந்தா இன்னா ஆவறது, சொல்லு.”

அக்கா உதட்டின்மேல் விரலை வைத்துக் கடைக்குள்ளே கண்ணைக் காட்டினாள். பெரியப்பா கவனிக்கவில்லை. உள்ளே வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண் இரண்டு கையிலும் வளையலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவளை எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அக்காவோடு பெண் பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருத்தி. அன்றைக்குக் கேசரி இரண்டாம் முறை கேட்டவள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அத்தையைப் பார்ப்பதுதான் என் வேலை.

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது அப்பாவுக்குப் போன் வந்தது. “சொல்லுங்க சம்பந்தி” என்று தொடங்கினார். அப்புறம் “சரிங்க” மட்டும் சொன்னார். நாலு தரமோ ஐந்து தரமோ. போனைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“இன்னாடா?”

“வேணாங்கறாங்க. கார்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ‘உங்க பொண்ணு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்ல, ஊரு ஊரா போயி விசாரிச்சிக்கினு இருக்கீங்க. எங்களுக்கு எங்கேர்ந்து வரும்’னு கேக்கறாரு.”

முண்டியம்பாக்கம் வந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கூட்டம் இறங்கி ஏறியது. “சரியான கேள்விதான்” என்று மட்டும் பெரியப்பா சொன்னார். விழுப்புரத்தில் வீட்டுக்கு வரவில்லை. அப்படியே திருவெண்ணெய்நல்லூர் பஸ் மாறிப் போய்விட்டார்.

அம்மா அழுதாள். தாளை எடுத்துக்கொடுத்த என்னை ஒரு அடி அடித்தாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா மாடிக்குப் போய் நின்றார். அத்தை மட்டும் நின்ற இடத்திலேயே கேட்டாள்.

“அப்ப நாளைக்கு ஒண்ணும் இல்லியா?”

“இல்லம்மா” என்றார் அப்பா, மேலேயிருந்து.

“சரி.”

அன்றைக்கு அத்தை இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைத் துவையல் தீர்ந்தபோது இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் என்று அம்மா சொன்னாள்.

அதன்பிறகு வரன் வரவில்லை. வந்தாலும் திண்டிவனத்தில் விசாரித்ததும் நின்றுபோகும். அத்தை அட்டை செய்துகொண்டிருந்தாள். அம்மா என்னைக் கூட அனுப்புவதை நிறுத்திவிட்டாள். சந்தேகப்பட்டதன் பலனைப் பார்த்தாயிற்று. இனி அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றாள்.

இரண்டு வருடம் போனது. அப்பாவுக்குத் தலைமுடி முன்பக்கம் வெளுத்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

“அன்னிக்கு அத்தனை பேர் பேசினோம். அந்த ஜெராக்ஸ்காரர் ஒருத்தர்தான் ஒழுங்கா ஒரு பதில் சொன்னாரு. அவரு மட்டும் அம்பதுன்னு சொல்லாம இருந்தா இவ மானம் அன்னிக்கே போயிருக்கும்.”

அம்மா தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரிக்கிற வேலை பெரியப்பாவிடமே போனது. இந்த முறை மெதுவாகப் பேசி விசாரித்தார். ஜெராக்ஸ்காரர் தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார். அம்மா மட்டும்தான், அப்பா இல்லை. கடை வாடகைக் கடை. நிலம் கிடையாது. இரண்டு வருடம் முந்தி இதைக் கேட்டிருந்தால் அப்பா எழுந்து போயிருப்பார்.

“நிலம் இல்லாட்டி இன்னாடா” என்றார் பெரியப்பா. “பொய் பேசாத மனுஷன். நாமளே கண்ணால பார்த்திருக்கோம்.”

அப்பாவே கடைக்குப் போய்க் கேட்டார். அவர் தாள்களின் விளிம்பைத் தட்டிக்கொண்டே கேட்டாராம். அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். மறுநாள் காலை ஆறு மணிக்கே அவருடைய அம்மா தட்டோடு வந்துவிட்டார். அத்தையிடம் இந்த முறை அப்பா சம்மதமா என்று கேட்டார். போன தரம் பட்ட பாட்டில் கேட்டார். “உங்க இஷ்டம்ணா” என்றாள் அத்தை. மேல்மலையனூர் கோயிலில் தாலி கட்டினார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். இப்போது அந்த ஜெராக்ஸ் கடையில், அத்தை கட்டிக்கொண்ட மாமாவிடம், வேலை பார்க்கிறேன். பைண்டிங், லேமினேஷன், ஜெராக்ஸ் எல்லாம் நானே போடுவேன். அத்தை கடையின் பாதியில் மேசை போட்டு அட்டை செய்கிறாள். அயன் பாக்ஸ் இல்லை. அதற்கென்று மிஷின் வாங்கிவிட்டார்கள்.

அன்றைக்குக் கடையில் இருந்த அந்த ஒரே மிஷின் இன்னும் மூலையில் இருக்கிறது. போன மாதம் புதியது பழுதானபோது அதில்தான் வேலை செய்தேன். கெட்டி அட்டையை அது தானாக இழுக்காது. கையால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். இருபது தள்ளுவதற்குள் சூடாகி நின்றுவிடும். ஆறவிட்டு மறுபடி தள்ள வேண்டும். முப்பது அட்டை போட எனக்கு அரை நாள் போனது. அரை நாள் அத்தை அந்தக் கடையில் நின்றிருந்தால் தெருவே சொல்லியிருக்கும்.

அன்றைக்கு வேலை செய்துகொண்டே யோசித்தேன். ஐம்பது அட்டை என்றால் உரித்த தாளும் ஐம்பது இருக்க வேண்டும். அந்த வீட்டுக் குப்பைக் கூடையைத் தினமும் கிளறியவள் நான். மிச்சத் தாளெல்லாம் எங்கே என்று பெரியப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஃபேன்சி ஸ்டோர் அக்காவுக்கு ஐம்பது என்ற கணக்கையும் பெரியப்பாவேதான் எடுத்துக்கொடுத்தார். அத்தையை அவ்வளவு சந்தேகப்பட்ட நாங்கள் அந்த ஒரு பதிலை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

மத்தியானம். கடையில் வேறு யாரும் இல்லை. அத்தை கத்தரிக்கோலால் ஃபாயில் வெட்டிக்கொண்டிருந்தாள். மாமா யாருடைய பத்திரத்தையோ அடுக்கி விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அன்னிக்கு அந்தக் கார்டு நெஜமா எத்தனை போட்டீங்க?”

கத்தரிக்கோல் நின்றது. மாமா நிமிரவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. குனிந்தபடியே, கண்ணை மட்டும் நகர்த்தி அத்தையைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு மேல் அவர் பார்த்துவந்தது அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

“ஒண்ணு.”